புளி போட்டு விளக்கிய பழைய காசுகள்: மதிப்பில் எவ்வளவு போகும், எது மிஞ்சும்?

மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் பழைய வீட்டை இடிக்கும்போது பத்தாயத்துக்கு அடியில் கிடைத்த தகர டப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். விக்டோரியா காலம் முதல் ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரையிலான வெள்ளி ரூபாய்கள், செப்புக் காலணாக்கள், சில ஓட்டைக் காலணாக்கள், தனியே ஒரு துணி முடிச்சில் தாத்தா காலத்தில் வயலில் ஏர் ஓட்டியபோது கிடைத்த சிறு செப்புக்காசுகள். உங்கள் பெரியம்மா அவற்றில் பாதியைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, பாத்திரம் விளக்கும் பொடியால் பளபளவென்று ஆக்கிவிட்டார். கும்பகோணத்தில் காட்டியபோது, விளக்கிய ரூபாய்களுக்கு வெள்ளி எடைக்கு மேல் தர முடியாது என்று வியாபாரி சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயமா, போன மதிப்பைத் திரும்பப் பெற வழி உண்டா, மீதிப் பாதியை எப்படிச் சுத்தம் செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அழுக்கைத்தானே எடுத்தோம், காசு அப்படியேதானே இருக்கிறது, பிறகு எப்படி மதிப்புக் குறையும்?

நான் வேதியியல் படித்தவன். பழைய உலோகப் பொருட்களைப் பாதுகாப்பதில் பயிற்சி பெற்று, டெல்டாவில் கிடைக்கும் நாணயங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வாங்கி விற்பவன் அல்ல. சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: வியாபாரி சொன்னது பெரும்பாலும் சரி, போனது திரும்பாது, மீதியைச் சுத்தம் செய்யாதீர்கள். ஆனால் இந்த மூன்று வரியோடு நிறுத்தினால் உங்கள் டப்பாவுக்கு நான் கெடுதல் செய்தவன் ஆவேன். அதில் இருக்கும் வெள்ளி ரூபாய்க்கு ஒரு நியாயம், காலணாவுக்கு வேறு நியாயம், வயலில் கிடைத்த காசுக்கு முற்றிலும் வேறு நியாயம்.

முதலில் அந்த அடிப்படைக் கேள்வி. வெள்ளி ரூபாயின் மேல் படிந்த கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காசின் சொந்த வெள்ளியே காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து வெள்ளிச் சல்பைடாக மாறியிருக்கிறது. செம்பின் பழுப்பும் அப்படித்தான். அது செம்பே ஆக்சைடாக மாறிய படலம். ஆகவே கறுப்பை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் காசின் மேல்தோலில் ஒரு சிறு பகுதியை எடுக்கிறோம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கை வெள்ளிக்கிழமைதோறும் விளக்கினாலும் அது தாங்கும். கனமான வார்ப்பு, பளபளப்புத்தான் அதன் அழகு. நம் வீடுகளில் செம்பும் பித்தளையும் மங்கிக் கிடந்தால் மனம் ஒப்பாது. பெரியம்மா செய்தது அந்தப் பழக்கத்தில் வந்தது, அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. காசில் மட்டும் அந்தப் பழக்கம் செல்லாது. ஏனென்றால் காசில் மதிப்புள்ளதெல்லாம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மேற்பரப்பிலேயே இருக்கிறது.

அச்சாலையில் வெள்ளி வில்லை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே நசுங்கும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. நகர்ந்த தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாக அப்படியே நின்றுவிடும். அதிகம் புழங்காத காசை விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: திருபுவனம் பட்டுச் சேலையை மடித்துத் திருப்பும்போது ஒளி ஓடுவதைப் போல ஒரு வெளிச்சப் பட்டை நடுவைச் சுற்றி நகர்ந்து வரும். அது அந்த வரிகளின் வேலை. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது இந்த ஒளிக்குத்தான். பாத்திரப் பொடியிலும் செங்கல் தூளிலும் சாம்பலிலும் மணற்சத்து உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வெள்ளியும் செம்பும் 3ஐ ஒட்டி நிற்கின்றன. மணலின் குவார்ட்ஸ் 7இல் நிற்கிறது. மென்மையானதைக் கடினமானது கீறத்தானே செய்யும். விபூதி, பற்பசை ஆகியவை இன்னும் நுண்மையானவை என்பதால் கீறலும் நுண்மையாக விழும், விழாமல் இருக்காது.

வியாபாரி எப்படிக் கண்டுபிடித்தார் என்று நீங்களே பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அறையில் மற்ற வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்பின் அடியில் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். தேய்த்த காசில் வெளிச்சப் பட்டை நகராது. எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுப் பரப்பும் ஒரே மாதிரி வெளுத்து மினுங்கும். லென்ஸில் பார்த்தால் மயிரிழை போன்ற கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் ஓடும், அல்லது விரல் சுழன்ற வாக்கில் வட்டமாக வளையும். எழுத்துக்கு அருகில் வந்ததும் நின்று, எழுத்தைத் தாண்டி மறுபடி தொடரும். ராணியின் பெயர் எழுத்துகளின் அடிவாரத்தில் மட்டும் துணி எட்டாத கறுப்பு கோடுபோல் மிச்சமிருக்கும். அதில் பொடியின் வெள்ளைத் துகளும் சிக்கியிருக்கலாம். கைமாறிப் புழங்கியதால் விழும் கீறல்கள் இப்படி இருக்காது. அவை ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஆளுக்கொரு திசை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அச்சையே அச்சாலையில் மெருகிட்டபோது விழுந்த கோடுகள் காசில் மேடாகத் தெரியும், பள்ளமாக அல்ல. அவற்றைக் குறை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தரம் என்பது பற்றி. இன்று உலகம் முழுவதும் புழங்கும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் தம் நாட்டுப் பெரிய செப்பு சென்ட் காசுகளுக்காக வகுத்தார். 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 1980களில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்கள் இந்த எண்ணை வைத்துத்தான் காசைப் பெட்டியிலிட்டு முத்திரை வைக்கின்றன. கடுமையாகச் சுத்தம் செய்த காசு அவர்களிடம் போனால் எண் கிடைக்காது. தேய்மானம் எவ்வளவு என்பதைச் சொல்லி, பக்கத்தில் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி ‘டீட்டெய்ல்ஸ்’ என்ற தனி வகையில் போட்டுவிடுவார்கள். அதாவது உங்கள் ரூபாயில் ராணியின் முகம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அந்தக் கூர்மைக்குரிய எண் இல்லை. நம் ஊர் வியாபாரிகளும் ஏலக்காரர்களும் இந்தச் சான்று இல்லாமலே அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள்.

எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரே சதவீதம் கிடையாது, யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன சாதாரண ரூபாய் என்றால் இழப்பு அதிகம் இல்லை. அதன் விலை ஏற்கெனவே வெள்ளியின் விலையை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தக் கால ரூபாய் 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆகவே ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி ஒவ்வொன்றிலும் இருக்கிறது. இந்த அடிவிலைக்குக் கீழே அது போகாது. அவ்வகை ரூபாயை விளக்கியதால் உங்கள் குடும்பம் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. புழங்காமல் டப்பாவிலேயே தூங்கிய ரூபாய் என்றால் கதை வேறு. அதன் விலையில் வெள்ளிக்கு மேற்பட்டதெல்லாம் மேற்பரப்புக்காகக் கொடுப்பது, மேற்பரப்பு போனதும் அதுவும் போகிறது. நான் பார்த்தவரை அப்படிப்பட்ட காசுகள் தேய்த்த பிறகு பாதி விலைக்கும் கீழே இறங்குவது வழக்கம்.

எது எந்த வகை என்று பிரிக்க உங்கள் டப்பாவிலேயே இரண்டு இடங்களைப் பாருங்கள். 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய்கள் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அடித்தவை அல்ல. பல ஆண்டுகள் அதே எண்ணோடு அச்சாயின. ஆண்டெண்ணை ஒட்டி வரும் மிகச் சிறிய புள்ளிகளை எண்ணித்தான் சேகரிப்பவர்கள் வகை பிரிக்கிறார்கள். சில வகைகள் அரியவை. பொடி போட்டுத் தேய்த்தால் முதலில் மழுங்குவது இந்தப் புள்ளிகள்தான், புள்ளி மழுங்கினால் எந்த வகை என்பதே தெரியாமல் போய்விடும். இரண்டாவது, ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய். அரசரின் அங்கியில் தொங்கும் சங்கிலிப் பதக்கத்தில் ஒரு யானை பொறித்திருக்கும். துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டு அச்சில் திருத்தினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று சேகரிப்பவர்கள் தேடுவது இதைத்தான். வாங்க வருபவர் லென்ஸை முதலில் வைக்கும் இடம் அந்த யானை. நுனிவிரல் அழுத்தித் தேய்க்கும் மேடும் அதுவே. 1911 ரூபாய் ஏதேனும் விளக்காத பாதியில் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

செப்புக் காலணாக்களுக்கு வருகிறேன். இங்கே விலையைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பழுப்புப் படலத்தைக் கரைத்துவிட்டு, உள்ளே இருக்கும் வெறும் செம்பை இளஞ்சிவப்பாக வெளியே காட்டுகிறது. அச்சாலையிலிருந்து வந்த புதுச் செம்பின் சிவப்பு வேறு, இந்த உரித்த சிவப்பு வேறு. பழகிய கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும். அதுகூடப் போகட்டும். புளியோடு உப்பும் போட்டார் என்கிறீர்கள். உப்பில் உள்ள குளோரைடு, அமிலத்தால் திறந்துவிட்ட செம்பின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். பூக்கும்போதே அமிலம் உண்டாகி மறுபடி உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். இந்தச் சுழற்சிக்கு வெண்கல நோய் என்று பெயர். ஈரம் இருக்கும்வரை நிற்காது. உப்புக்காற்று வீசும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் விளக்காத காசிலேயே இதைக் காண்கிறோம். ஆகவே பெரியம்மா விளக்கிய செப்புக்காசுகளை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எல்லாப் பச்சையும் நோய் அல்ல. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையில் காசோடு ஒட்டி நிற்கும் களிம்பு அமைதியானது, தொட வேண்டாம். வெளிர்பச்சையில் மாவுபோல, தொட்டால் விரலில் உதிர்ந்து, கீழே குழி விட்டிருந்தால் அதுதான் ஆபத்து.

வயலில் கிடைத்த காசுகளுக்கு நான் சொன்ன விதிகளில் பாதி பொருந்தாது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு காசில் நிற்கும் உருவம் மங்கலாகத் தெரிகிறது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசாக இருக்கலாம்: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்கருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. டெல்டாவிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பவை. படத்தை வைத்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எடையும் நேரில் பார்வையும் வேண்டும். மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த செம்பு சும்மா இருப்பதில்லை. அதன் வெளிப்பகுதி சிவந்த ஆக்சைடாகவும் அதற்கு மேல் பச்சைக் கார்பனேட்டாகவும் மாறிவிடுகிறது. அப்படி மாறும்போது பழைய எழுத்தின் வடிவம் பெரும்பாலும் அந்த ஆக்சைடுப் படலத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உள்ளே மிஞ்சிய உலோகத்தில் அது இல்லை. பச்சை முழுவதையும் அமிலத்தில் கரைத்துவிட்டு எழுத்தைத் தேடுபவர்கள் கடைசியில் குழி விழுந்த செம்புத் துண்டைத்தான் காண்கிறார்கள். எழுத்து, வடிந்த தண்ணீரோடு போயிருக்கும். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. பாண்டியர்களின் ‘பெருவழுதி’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்து கொண்ட செப்புக்காசு, கரூர்ப் பகுதியில் கிடைத்த ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ காசுகள் எல்லாம் சங்ககால அரசர் பெயர்களுக்கு உலோகத்தில் கிடைத்த சாட்சிகள். அவற்றில் எதையாவது கண்டெடுத்தவர் புளித்தண்ணீரில் போட்டிருந்தால் அந்தச் சாட்சி இல்லை.

அதே நேரம், மண்ணிலிருந்து வந்த காசை யாரும் தொடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. மண் மூடிய காசைப் படிக்க முடியாது; படிக்க முடியாத காசு வரலாற்றுக்கும் உதவாது, விலைக்கும் போகாது. பழங்காசுகளில் சந்தையில் இருப்பவை ஏறத்தாழ எல்லாமே ஏதோ ஒரு வகையில் சுத்தம் செய்யப்பட்டவைதான், சேகரிப்பவர்களும் அதை ஏற்கிறார்கள். கேள்வி யார் செய்தார், எதுவரை செய்தார் என்பதுதான். உருப்பெருக்கியின் கீழே மூங்கில் குச்சியாலும் மரமுள்ளாலும் மண்ணை மட்டும் துளித்துளியாக நீக்கி, ஆக்சைடுப் படலத்தில் நிறுத்துவது ஒரு கைத்திறன். பிரிட்டிஷ் காலக் காசிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சென்னை மாகாணத்துக்காக 1808 என்று பொறித்து இங்கிலாந்தில் அடித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களைச் சுமந்துவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை ஏராளமாக வெளியே எடுத்தார்கள். கடலடியிலிருந்து வந்ததால் அவை சுத்தம் செய்யப்பட்டவை என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே வாங்குகிறார்கள். இந்தச் சலுகையைத் தாத்தா டப்பாவில் வைத்திருந்த காலணாவுக்கு யாரும் தரமாட்டார்கள். ஏனென்றால் அது சுத்தம் தேவைப்படாமலேயே நன்றாக இருந்த காசு.

துணி முடிச்சில் இருந்தவற்றில் சாம்பல் நிறத்தில், எடை கனத்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழுவது போல ஏதாவது இருந்தால் அது ஈயமாக இருக்கலாம். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் ஈயத்திலும் காசு அடித்தார்கள். மாயவரத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம் இல்லை. ஈயத்துக்குப் புளி, வினிகர், எலுமிச்சை எதுவும் ஆகாது. மரப்பெட்டியிலிருந்து கசியும் அமில ஆவியே அதை வெள்ளைப் பொடியாக மாற்றிவிடும். ஈயக்காசை மர அலமாரியில் வைக்காதீர்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

போன மதிப்பைத் திரும்பப் பெறுவது பற்றி: முடியாது. உலோகத்தை எடுத்தாகிவிட்டது, வைக்க வழியில்லை. கந்தகம் போட்டுக் கறுக்க வைப்பது, அவித்த முட்டையோடு பெட்டியில் மூடிவைப்பது, பத்தரிடம் கொடுத்துப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மெருகிடுவது என்று பல யோசனைகள் சொல்வார்கள். செயற்கையாக வரவழைத்த கறுப்பைத் தேர்ந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். அப்போது காசுக்கு இரண்டு குறைகள் ஆகிவிடும். தானாக மறுபடி நிறம் ஏறுவது வேறு விஷயம். விளக்கிய வெள்ளியைச் சும்மா விட்டால் பல ஆண்டுகளில் மென்மையாகக் கறுக்கும், பார்வைக்குக் கொஞ்சம் மேலாகும், வாங்குபவர்களும் சற்றுத் தாராளமாகப் பார்ப்பார்கள். கீறல் மட்டும் அப்படியே இருக்கும். செம்பில் இந்த நிறமேற்றம் பெரும்பாலும் திட்டுத்திட்டாக வருகிறது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மீதிப் பாதியில் செய்யக்கூடியவை மிகக் கொஞ்சம். மஞ்சள் குங்குமம் ஒட்டியிருந்தால், லட்சுமி பூஜைக்கு வைத்த காசுகளில் இது சகஜம், காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவையுங்கள். நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். தேய்க்காமல் எடுத்து, பருத்தித் துணியில் ஒற்றி, முழுக்க உலரவிடுங்கள். காவிரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் வேண்டாம், அவற்றில் உப்பு இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோ, பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பச்சைப் பிசினோ இருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்தெடுக்கலாம். அசிட்டோன் உலோகத்தோடு வினைபுரியாது. ஆனால் எளிதில் தீப்பற்றும், ஆகவே வெட்டவெளியில், அடுப்பிலிருந்தும் சாமி விளக்கிலிருந்தும் தள்ளிச் செய்யுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் அசிட்டோனுக்கு ஈடாகாது. அதில் வாசனையும் நிறமும் கலந்திருக்கும். ஓட்டைக் காலணாவின் ஓட்டைக்குள் பல் குத்தும் குச்சியை விட்டுச் சுரண்டத் தோன்றும். விட்டுவிடுங்கள்.

இதற்கு மேல் உள்ள முறைகளில் கருத்து வேறுபாடு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வெள்ளியை, கறுப்பைக் கரைக்கும் அமிலத் தயோயூரியா கலந்த திரவத்தில் சில நொடி முக்கியெடுப்பதை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் ஏற்கிறார்கள். அப்படி நனைத்த காசுகள் நல்ல எண்ணோடு சான்று பெற்றும் இருக்கின்றன. ஒளிவரிகள் மிஞ்சியிருந்தால் அது நடக்கும். சில நொடி கூடினால் வரிகள் கரைந்து காசு செத்த வெள்ளையாகிவிடும். பழக்கம் இல்லாத கைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கொதிநீரும் சேர்த்துக் கறுப்பை எடுக்கும் முறை தேய்ப்பதைவிட மேல், ஆனால் கறுப்பு இருந்த இடம் மங்கி நிற்கும். இயல்பாக ஏறிய அழகிய நிறமும் போய்விடும். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது மண்காசுக்கு உதவுகிறது என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த எண்ணெயிலும் சிறிது அமிலம் உண்டு, களிம்பின் நிறத்தை மாற்றிவிடுகிறது என்பதால் நான் பயன்படுத்துவதில்லை.

வெண்கல நோய் கண்ட காசை மட்டும் சும்மா விட முடியாது. மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சோடியம் செஸ்குவிகார்பனேட், பென்சோட்ரையசோல் என்று மேல்சிகிச்சைகள் இருக்கின்றன. முன்னது வாரக்கணக்கில் நீளும், பின்னது உடலுக்குக் கெடுதல் செய்யக்கூடியது. இரண்டையும் பயிற்சி பெற்றவர்களிடம் விட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதிப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஓவியப் பூச்சுகளை ஆராய்ந்த எஸ். பரமசிவன் பணிபுரிந்த இடம். வயலில் கிடைத்தவற்றைப் பற்றி அங்கே கேட்பதே முறை.

அந்த வயல் காசுகளைப் பற்றி இன்னொன்று. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தாத்தா காலத்தில் கிடைத்ததற்கு இன்று அது எப்படிப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். விற்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் என்ற கணக்கில் வரும், தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. தரச்சான்று வாங்கித் தருகிறேன், வெளிநாட்டுக்கு அனுப்பு என்று யாராவது சொன்னால் விக்டோரியா ரூபாய்க்குக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வியாபாரியிடம் திரும்புவோம். விளக்கிய சாதாரண ரூபாய்க்கு வெள்ளி விலை என்றால் அது நியாயமான விலை. ஆனால் ‘விளக்கியது’ என்ற காரணத்தை எல்லாக் காசுக்கும் ஒரே மூச்சில் பொருத்தினாரா என்று பாருங்கள். மேலே சொன்ன லென்ஸ் சோதனையை நீங்களே செய்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தேய்ந்தும் விளக்கியும் இருப்பவை, கூர்மையாக இருந்து விளக்கப்பட்டவை, தொடாதவை. முதல் குவியலை வெள்ளி விலைக்குத் தயங்காமல் கொடுக்கலாம். இரண்டாவதில் 1862இன் அரிய புள்ளி வகையோ 1911 ரூபாயோ இருந்தால், கீறல் இருந்தாலும் தேடுபவர் உண்டு. இன்னும் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். விளக்கியது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், மறைத்து விற்றால் அடுத்த காசுக்கு உங்களை நம்ப மாட்டார்கள். மூன்றாவது குவியலை அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

அதுவரை எங்கே வைப்பது? பூஜை அறையில் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்ப் படிவும் ஏறும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, அதை எந்த வெள்ளியோடும் சுற்றாதீர்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறைகளுக்குப் பதில் விறைப்பான பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் சிலிக்கா ஜெல்லைப் புதிதாகப் போட்டுவிட்டு, மழைக்காலம் முழுவதும் மாதம் ஒருமுறை செப்புக்காசுகளை மட்டும் எடுத்து வெளிர்பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்த காசு ஒன்று கண்ணில் பட்டாலும் அதைத் தனி டப்பாவுக்கு மாற்றிவிட்டு, கிட்டத்தில் படமெடுத்து எனக்குக் காட்டுங்கள். 1862 ரூபாய்களின் ஆண்டெண் இருக்கும் பக்கத்தையும் கூடவே எடுங்கள், புள்ளிகளைப் படிக்க உதவுகிறேன்.